பெங்களூரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? மகளின் அறிவியல் பாடத்தை எடைபோட்ட கதை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் நான்கு பேர் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "உங்கள் அறிவியல் பாடத்திட்டம் எப்படி? கொஞ்சம் லேசாக இருக்கிறதோ?" கணக்கைப் பற்றி யாரும் இப்படிக் கவலைப்படுவதில்லை. ஒரு பக்கம் போடச் சொன்னால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். மொழியும் அப்படித்தான், ஒரு பத்தி படிக்கச் சொன்னால் போதும். அறிவியல் மட்டும் பிடி கொடுக்காது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான புத்தகம் எதைப் புரட்டினாலும் செல், அணு, மின்சாரம், சூரியக் குடும்பம் என்று அதே தலைப்புகள். எல்லாக் கடைகளிலும் ஒரே பெயர்ப்பலகை மாட்டியிருந்தால் உள்ளே என்ன சரக்கு இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

நாங்கள் பெங்களூரில் அல்சூர் பக்கம் குடியிருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றாள். அதற்கான காரணங்கள் தனிக் கதை, இங்கே வேண்டாம். ஆறாம் வகுப்பு வயதுக்கு அமெரிக்காவில் வீட்டுவழிக் கல்விக்கென்றே தயாரிக்கப்படும் ஒரு பாடத்திட்டத்தை வாங்கினோம். பாடநூல், பயிற்சி நூல், பெற்றோருக்கான விடைநூல் என எல்லாம் கட்டாக வந்தன. படங்கள் அழகு, நடை அழகு. மகள் ஒவ்வொரு அலகின் முடிவிலும் முழு மதிப்பெண்ணோ அதற்கு ஒன்று குறைவாகவோ வாங்கினாள்.

திருமணத்துக்கு முன்பும் அதன் பிறகு சில ஆண்டுகளும் நான் ஒரு மருந்து ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள். எந்த மாத்திரையையும் தோற்கடிக்காத சோதனை ஒன்று இருந்தால், முதலில் அந்தச் சோதனையின் மேல்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும். அந்தப் பழக்கம் போகவில்லை. மகளின் முழு மதிப்பெண்களைப் பார்த்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தபோது நான் பென்சிலை எடுத்துக்கொண்டு பயிற்சி நூலோடு உட்கார்ந்தேன்.

முதலில் செய்த வேலை மிக எளிது, யாரும் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். டிம்ஸ் என்றொரு பன்னாட்டு மதிப்பீடு இருக்கிறது. 1995 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாடுகளின் நான்காம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணக்கிலும் அறிவியலிலும் நடத்துகிறார்கள். எட்டாம் வகுப்பு அறிவியல் வினாக்களை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: நினைவில் இருப்பதைச் சொல்வது 35 விழுக்காடு, தெரிந்ததைப் புதிய இடத்தில் பொருத்துவது 35 விழுக்காடு, தரவுகளை வைத்துக்கொண்டு காரணம் காட்டி முடிவுக்கு வருவது 30 விழுக்காடு. இந்த மூன்று கூடைகளை வைத்துக்கொண்டு எங்கள் பயிற்சி நூலின் இரண்டு அலகுகளைப் பிரித்துப் போட்டேன். முதல் கூடை நிரம்பி வழிந்தது. இரண்டாவதில் ஏதோ கொஞ்சம். மூன்றாவதில் போட, "ஏன் என்று சிந்தித்துப் பார்" என்று முடியும் சில வினாக்கள் கிடைத்தன. அவற்றுக்கும் விடை முந்தைய பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. அது சிந்திப்பதா, தேடி எடுப்பதா?

முந்தைய சுற்றுகளில் கேட்ட வினாக்கள் சிலவற்றை டிம்ஸ் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. அதே தலைப்புகளில் அங்கிருந்து சிலவற்றை எடுத்து மகளிடம் கொடுத்தேன். சொற்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். ஆனால் ஒரு அட்டவணையைக் கொடுத்து, "இந்தச் சோதனையிலிருந்து இந்த முடிவுக்கு வர முடியுமா, ஏன்?" என்று கேட்டால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவளுக்குப் பழக்கியிருக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் தண்ணீர் விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பருப்பொருளின் நிலைகள் பற்றிய அலகில் ஒரு செய்முறை: "நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது என்பதைச் சோதித்து உறுதிசெய்." மகள் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, முள் போன்ற முனை உள்ள டிஜிட்டல் வெப்பநிலைமானியை உள்ளே விட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. எண் 97க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் நகரவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, நோட்டில் தெளிவாக "100" என்று எழுதினாள். விடைநூலும் 100 என்றுதான் சொன்னது. முழு மதிப்பெண்.

"97தானே காட்டியது?" என்று கேட்டேன்.

"ஆமாம் அம்மா, ஆனால் சரியான விடை 100. மானியில் ஏதோ கோளாறு."

எனக்குக் கோபம் அவள் மேல் வரவில்லை, விடைநூல் மேல் வந்தது. கண்ணால் கண்டதை அழித்துவிட்டு அச்சில் உள்ளதை எழுதினால் பரிசு கொடுக்கும் ஒரு பாடத்தை, அதில் எத்தனை கடினமான சொற்கள் இருந்தாலும், அறிவியல் பாடம் என்று எப்படி ஏற்பது? ஆனால் அவளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. "மானியில் கோளாறு என்கிறாயே, அதை எப்படிக் காட்டுவாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு விலகிக்கொண்டேன்.

இரண்டு வாரம் எங்கள் சமையலறை அவள் கையில் இருந்தது. முதலில் ஐஸ் கட்டிகளை நொறுக்கித் தண்ணீரோடு சேர்த்து மானியை வைத்தாள். ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. ஆக பூஜ்யத்தில் மானி சரி. பாத்திரத்தை மாற்றினாள், தண்ணீரின் அளவைக் கூட்டினாள், குறைத்தாள், முனை அடிப்பாகத்தைத் தொடாமல் பிடித்தாள். காவிரித் தண்ணீருக்குப் பதில் சுத்திகரித்த தண்ணீரை வைத்தாள். எல்லாம் 97க்கு அருகிலேயே. உப்பைப் போட்டபோது எண் சற்றே ஏறியது. அது அவளை இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றினால் எது காரணமென்று தெரியாமல் போகும் என்பதை அந்தக் குழப்பத்தில்தான் கற்றாள். எந்தப் பாடநூலின் "அறிவியல் முறை" அத்தியாயமும் அவளுக்கு அதைப் பதியவைக்கவில்லை.

விடுமுறையில் சென்னைக்கு, அவள் பாட்டி வீட்டுக்குப் போகும்போது மானியைத் துணிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டாள். மயிலாப்பூரில் அதே மானி 100ஐத் தொட்டுவிட்டது. போனில் அவள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு காற்றழுத்தம் பற்றிச் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போக நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது, அழுத்தம் குறைகிறது, நீரின் துகள்கள் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகத் தப்பித்துவிடுகின்றன. தோராயமாக 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் என்ன காட்டும் என்று அவளே கணக்குப் போட்டு 92க்கும் 93க்கும் நடுவே என்று எழுதி வைத்திருக்கிறாள். பிரஷர் குக்கரில் இதே கதை தலைகீழாக நடந்து ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும் என்பதை நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை.

இதிலிருந்து நான் உருவாக்கிக்கொண்ட முதல் அளவுகோல் இது. பாடத்திட்டத்தில் உள்ள செய்முறைகளை எடுத்துக்கொண்டு, "முடிவு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறதா? பிள்ளைக்கு வேறொரு எண் கிடைத்தால் நூல் என்ன செய்யச் சொல்கிறது?" என்று பாருங்கள். பெரும்பாலான நூல்கள் இரண்டாவது கேள்வி வரும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. சமையல் குறிப்பைப் போலப் படிப்படியாக எழுதி, கடைசியில் "நீல நிறமாக மாறியிருக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தச் செய்முறை கைவேலைதான், அதிலும் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சவால் என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது.

நம் நாட்டிலேயே இதைத் தலைகீழாகச் செய்து காட்டிய முன்மாதிரி ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 கிராமப்புறப் பள்ளிகளில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1982இல் தொடங்கப்பட்ட ஏகலவ்யா அமைப்பு பிறகு அதை வளர்த்தது. பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்து, கிடைத்ததை எழுதி, வகுப்பில் வாதாடி முடிவுக்கு வர வேண்டும். முடிவுகளை நூல் முன்கூட்டிச் சொல்லிவிடாது. தேர்வில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது. அரசுப் பள்ளியில், குறைந்த செலவுக் கருவிகளோடு 30 ஆண்டுகள் நடந்ததை ஒரே ஒரு பிள்ளைக்கு வீட்டில் செய்ய முடியாதா என்ன?

இரண்டாவது அளவுகோல் ஊர் தொடர்பானது. வெளிநாட்டுப் பாடத்திட்டம் வாங்கும் எல்லோரும் இதைச் செய்து பார்க்கலாம். எங்கள் நூலின் வானியல் அலகு, நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும் என்கிறது. எழுதியவர்களின் ஊரில் அது முழு உண்மை. பெங்களூர் 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே காலடியில் ஒளிந்துகொள்ளும். நிழலில்லா நாள் என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில், ஜூன் மாதத்தில், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது.

மொட்டை மாடியில் ஒரு கம்பை நட்டு மகள் இதை ஆண்டு முழுவதும் குறித்தாள். மழைக்காலத்தில் மேகம் வழிவிட்ட நாள்களில் மட்டும்தான் முடிந்தது. நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கு அல்ல, சராசரியாக 12.20ஐ ஒட்டி என்பதைக் கண்டபோது "கடிகாரம் தப்பு" என்றாள். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது, பெங்களூர் அதற்கு மேற்கே ஏறத்தாழ ஐந்து பாகை தள்ளி இருக்கிறது, பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் கடிகாரத்தை மன்னித்தாள்.

இதோடு முடிந்திருக்கும். என் மாமியார் விடவில்லை. பொங்கலன்று, "இன்றைக்குத்தான் உத்தராயணம் பிறக்கிறது, சூரியன் வடக்கே திரும்புகிறான்" என்றார். "இல்லை பாட்டி, டிசம்பர் 22லேயே திரும்பிவிட்டது. என் கம்பைப் பாருங்கள்" என்று இவள் நோட்டைக் கொண்டுவந்தாள். பஞ்சாங்கம் ஒரு பக்கம், நிழல் கணக்கு ஒரு பக்கம். இரண்டும் எப்படி மூன்று வாரத்துக்கு மேல் விலகி நிற்கின்றன? பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாகத் தலையாட்டுகிறது, அதனால் விண்மீன்களை வைத்துப் பஞ்சாங்கம் கணக்கிடும் ஆண்டும் பருவங்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டும் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன, சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன என்பது விளக்கம். இதை ஒரு பன்னிரண்டு வயதுக்காரி முழுதாகப் புரிந்துகொண்டாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அவளுடைய கேள்வி. பாடநூலில் இருந்த "பூமி ஏன் சாய்ந்திருக்கிறது?" என்ற கோடிட்ட இடத்தை நிரப்பும் வினா அதற்கு அருகில்கூட வராது. நல்ல பாடத்திட்டம் உங்கள் மொட்டை மாடிக்கு வந்தாலும் தாக்குப்பிடிக்க வேண்டும். குறைந்தபட்சம், "உன் ஊரில் அளந்து பார்" என்றாவது சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒயிட்ஃபீல்டில் இருக்கும் ஒரு தோழி, "உன் புத்தகம் மெல்லிசு, எங்களுடையதைப் பார்" என்று தூக்கவே முடியாத ஒன்றைக் காட்டினார். அவருடைய மகன் செல்லின் உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். கால்சியம் வரைக்கும் எலக்ட்ரான் அமைப்பு எழுதுகிறான். அசந்துபோனேன். ஆனால் அன்று அவர் வீட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது, கொதிக்கும் தண்ணீரில் எழும் பெரிய குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பையனிடம் கேட்டேன். "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்" என்றான், சற்றும் தயங்காமல். அவனைக் குறை சொல்லவில்லை. உலகம் முழுவதும் அந்த வயதுப் பிள்ளைகள் சொல்லும் விடை அது, பெரியவர்களும் சொல்வார்கள். சூடேறத் தொடங்கும்போது ஓரங்களில் ஒட்டும் சின்னக் குமிழிகளில் இருப்பது நீரில் கரைந்திருந்த காற்று. பிறகு அடியிலிருந்து பொங்கி வரும் பெரிய குமிழிகளில் இருப்பது நீராவி, அதாவது அதே தண்ணீர். எலக்ட்ரான் அமைப்பு எழுதத் தெரிந்தும் இது பிடிபடவில்லை என்றால், அந்தப் பாடம் உயரத்தில் இருக்கிறது, பிள்ளை கீழேயே நிற்கிறான்.

அதனால் எந்தப் பாடத்திட்டத்தையும் எடைபோட இப்படிச் சில கேள்விகளைக் கைவசம் வைத்திருக்கிறேன். பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்து, தேர்வு என்று சொல்லாமல், பேச்சோடு பேச்சாகக் கேட்பேன். குமிழி ஒன்று. ஒரு பேட்டரி, ஒரே ஒரு துண்டு வயர், ஒரு டார்ச் பல்பு, எரியவைக்க முடியுமா என்பது இன்னொன்று. ஜனவரியில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. அப்படியிருக்க டெல்லியில் ஏன் ஜனவரியில் நடுங்குகிறார்கள்? லால்பாக் பூங்காவில் நிற்கும் அத்தனை பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

கடைசிக் கேள்விக்கு "மண்ணிலிருந்து" என்றுதான் என் மகளும் சொன்னாள். ஒளிச்சேர்க்கைக்கான சமன்பாட்டை அதற்கு முந்தைய வாரம் அழகாக எழுதியவள். வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் 17ஆம் நூற்றாண்டில் செய்த சோதனையைச் சொன்னேன். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியது. மண்ணின் எடை 60 கிராம்கூடக் குறையவில்லை. ஆகவே தண்ணீர்தான் மரமாயிற்று என்றார். "அவர் எதைக் கணக்கில் எடுக்கவில்லை?" என்று கேட்டபோது அவள் மண், தண்ணீர், வெயில் என்று விரல் மடக்கிக்கொண்டே வந்து காற்றில் நின்றாள். வெளியே பார்த்தாள். "மரம் காற்றாலா ஆனது?" என்றாள் சந்தேகமாக. பெரும்பகுதி ஆம். கரியமில வாயுவும் தண்ணீரும்.

அதை ஒட்டி அவளே ஒரு சோதனை வைத்தாள். முளைகட்டும்போது பயறு உப்புகிறதே, எடை கூடுகிறதா? நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் பாசிப்பயற்றை எடைபோட்டு, ஊறவைத்து, இருட்டில் முளைக்க விட்டு, பிறகு நன்றாகக் காயவைத்து மறுபடி எடைபோட வேண்டும் என்று திட்டம். "பயற்றில் ஏற்கெனவே கொஞ்சம் ஈரம் இருக்குமே? முளைகட்டாத பயற்றையும் அதேபோல் காயவைத்தால்தானே ஒப்பிட முடியும்?" இதைச் சொன்னது நான் இல்லை. காய்ந்த பிறகு முளைவிட்ட கூட்டத்தின் எடை குறைவாக இருந்தது. வெளிச்சம் இல்லாததால் உணவு தயாரிக்கவில்லை, ஆனால் மூச்சு விட்டுச் சேமிப்பைச் செலவழித்துவிட்டது. தரக்கட்டுப்பாட்டில் எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பட்டதாரிகளுக்கு இந்த ஒப்பீட்டு மாதிரி விஷயத்தைப் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. அன்று எனக்கு உண்மையிலேயே திருப்தி.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவியல் பாடம் லேசாக இருக்கிறதா என்று சீக்கிரம் கண்டுபிடிக்க, அதில் கேட்கப்படும் கணக்கு பிள்ளை கணக்குப் பாடத்தில் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். விகிதமும் சராசரியும் வரைபடமும் கற்றுவிட்ட பிள்ளைக்கு அறிவியலில் கூட்டலும் கழித்தலும்தான் வருகிறது என்றால், பாதி ஆயுதங்களைப் பிடுங்கிவிட்டுச் சண்டைக்கு அனுப்புகிறார்கள். தனி ஊசலை எடுங்கள். எங்கள் பாடநூல் "நீளம் கூடினால் நேரம் கூடும்" என்று நிறுத்திவிட்டது. நூலில் கட்டிய நட்டை 25 சென்டிமீட்டரில் ஆட்டினால் ஓர் அலைவுக்கு ஒரு விநாடி. ஒரு மீட்டரில் ஆட்டினால் இரண்டு விநாடி. நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. பத்து அலைவுகளை எண்ணிப் பத்தால் வகுத்தால் பிழை குறையும் என்பதும் அதோடு வரும். கூடுதலாக ஒரு நூல்கண்டுதான் தேவைப்பட்டது.

வெளியிலிருந்து ஓர் அளவு வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: கீழ் எல்லையாக மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு அறிவியல் நூலை வைத்துக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. அவர்களே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு எக்செம்ப்ளர் என்ற வினாத் தொகுப்பும் வெளியிட்டிருக்கிறார்கள், அது பாடநூலைவிடக் கொஞ்சம் கடிக்கும். பின்னால் எந்தத் தேர்வு என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும். பத்தாம் வகுப்புக்கு இணையான பன்னாட்டுத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ.யைத் தனித்தேர்வராக எழுதுவதென்றால், ஆய்வகத்துக்குப் போகாமலே செய்முறைத் திறனைச் சோதிக்கும் ஒரு தாள் உண்டு. அதில் அளவீட்டைப் படிக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்ல வேண்டும், ஒரு சோதனையைத் தாமே திட்டமிட வேண்டும். முந்தைய ஆண்டுத் தாள் ஒன்றைப் பன்னிரண்டு வயதில் எழுதச் சொல்லாதீர்கள். நீங்கள் படித்துப் பாருங்கள், இப்போதைய பாடம் அந்தத் திசையில் போகிறதா என்று புரியும். எங்களுடையது போகவில்லை.

இருந்தும் நாங்கள் பாடத்திட்டத்தை மாற்றவில்லை. மாற்றினால் இன்னொரு கட்டு புத்தகம், இன்னொரு விடைநூல். அதற்குப் பதில் இருப்பதைக் குறைத்தோம். ஆண்டுக்குப் பதினான்கு அலகு என்று அட்டவணை போட்டிருந்தார்கள், பாதியாக வெட்டினேன். வெட்டியவை போகட்டும் என்று விடவில்லை, இரவில் கதைப் புத்தகம் போலப் படிக்க வைத்தேன், அதற்கு அந்த நடை ரொம்பப் பொருத்தம். மீதி ஏழிலும் செய்முறையின் கடைசிப் பத்தியை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தேன். சோதனைக்கு முன் என்ன நடக்கும் என்று மையால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. பிறகு ஒரு பக்க அறிக்கை: என்ன கிடைத்தது, எதிர்பார்த்ததோடு எங்கே இடித்தது, எதை நம்பலாம், எதை நம்ப முடியாது. முதல் சில அறிக்கைகள் மூன்று வரிதான் இருந்தன.

அளவு மீறுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். விடை தெரியாமல் பல நாள் தவிப்பது நல்லதுதான், அந்தத் தவிப்பில் அவள் எதையாவது செய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேள்வியே என்னவென்று புரியாமல் உட்கார்ந்திருந்தால் அது வேறு, உடனே ஒரு படி இறங்கிவிடுவேன். வேதிச் சமன்பாடுகளைச் சமன்செய்வதில் அப்படி ஆனது, தூக்கி அடுத்த ஆண்டுக்கு வைத்துவிட்டேன். துகள்களைப் பற்றித் தெளிவில்லாத பிள்ளைக்கு அது வெறும் எண் விளையாட்டு.

வாங்க வேண்டியதும் அதிகமில்லை. டிஜிட்டல் வெப்பநிலைமானி, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர். எல்லாம் சேர்த்து, நாங்கள் அந்த இறக்குமதிக் கட்டுக்கு அனுப்பு கட்டணமாக மட்டும் கொடுத்த தொகையைவிடக் குறைவு. எஸ்.பி. சாலையில் மல்டிமீட்டர் வாங்கும்போது கொஞ்சம் வயரும் பழைய பேட்டரி உறைகளும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மின்சார அலகு வரும்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. பேட்டரி மட்டும் புதிதாக இருக்கட்டும். தேய்ந்த பேட்டரியோடு சுற்று ஏன் வேலை செய்யவில்லை என்று என் மகள் சென்ற வாரம் முழுவதும் மல்லுக்கட்டினாள், கடைசியில் மல்டிமீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. அதையும் அவள் அறிக்கையாக எழுதியிருக்கிறாள், ஒன்றரைப் பக்கம்.